கன்ஸ்டன் ஹால்: மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்

வாஷிங்டன் நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காரில் இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே போனால், அதே போட்டோமாக் ஆற்றுப் பக்கம், வர்ஜீனியா மாநிலத்தில், கன்ஸ்டன் ஹால் இருக்கிறது. தோட்ட முதலாளியும் அரசியல்வாதியுமான ஜார்ஜ் மேசனின் வீடு.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் வீடுதான். உள்ளே போனால் மரச் செதுக்கு வேலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. 1755-ல் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் பக்லண்ட் என்ற இளம் தச்சர் வடிவமைத்தது. ஓர் அறை முழுக்கச் சீனப் பாணி!

மேசன் எழுதப் பயன்படுத்திய சின்ன அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவு இவர் கையால் வந்தது. மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே சமமாகச் சுதந்திரமும் தற்சார்பும் உள்ளவர்கள் என்று எழுதினார். அப்படியானால் அடிமைகளும் சுதந்திரமானவர்களா என்று மற்ற முதலாளிகள் பதறினார்கள். 'சமுதாயத்துக்குள் வரும்போது' என்று ஒரு சொற்றொடரைச் செருகினார்கள். அடிமைகள் சமுதாயத்தில் சேர்த்தி இல்லை என்பது அவர்கள் கணக்கு. அப்புறம்தான், 1776 ஜூன் 12 அன்று, அது நிறைவேறியது. ஒரு நாட்டின் அநியாயத்தை இத்தனை சின்னத் திருத்தத்துக்குள் அடக்கிவிட முடியும் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1787-ல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில், அடிமைகளை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் பிறவியிலேயே குட்டிக் கொடுங்கோலன் என்று இதே மேசன் பேசினார். மக்களின் உரிமைப் பட்டியல் அதில் இல்லை என்பது உட்படப் பல காரணங்களைச் சொல்லி, அரசியலமைப்பில் கையெழுத்திடவும் மறுத்துவிட்டார். வாஷிங்டனுடன் இருந்த நீண்ட கால நட்பு அதோடு கசந்தது. அந்தப் பட்டியல் 1791-ல் சட்டமானது. அந்தப் பிடிவாதத்துக்காக அவரை மனதார மதிக்கிறேன்.

சரி, வீட்டுக்கு வெளியே வருவோம். தச்சர், கொல்லர், பீப்பாய் செய்பவர், தோல் பதனிடுபவர், நெசவாளர் என்று இந்தத் தோட்டத்தின் எல்லா வேலையும் தெரிந்தவர்கள் அடிமைகள்தான். அவர்களில் பலருடைய குடியிருப்புக்கு லாக் டவுன் (Log Town, அதாவது மரக்கட்டை ஊர்) என்று பெயர். அது வீட்டிலிருந்து கண்ணில் படாதபடி மரங்களுக்குள் இருந்தது என்று மேசனின் மகன் ஜான் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். தோட்டத்தின் அழகைவிட அந்த மரங்களின் பக்கம்தான் என் கண் போனது.

மேசன் 1792-ல் இறந்தார். 1773-லேயே எழுதிய உயிலில் அடிமைகளைப் பெயர் பெயராகக் குறித்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்திருந்தார். ஒருவரைக்கூட விடுதலை செய்யவில்லை.