செக்ரோலில் இருக்கும் ‘செக்’

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட ஆபீசில் ‘செக்’ என்ற சொல் நாள் முழுக்க வாயில் கிடக்கும். வந்த கொழுந்தை செக் பண்ணுவோம், உரக் கம்பனிக்குச் செக் எழுதுவோம், ரோட்டில் செக்பொயின்டில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற காலமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய கிளாக்கர் மேசையில் இரண்டு கையாலும் விரித்துப் பார்க்கவேண்டிய அகலத்தில் கிடக்கும் செக்ரோல், அதாவது தொழிலாளரின் அன்றாட வேலையைப் பதியும் புத்தகம். மலையகத்தில் சம்பளப் பேச்சு எதுவானாலும் கடைசியில் அந்தப் புத்தகத்துக்குத்தான் வந்து சேரும்.

சொல் புறப்பட்டது சதுரங்கப் பலகையிலிருந்து. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிராளியின் அரசனுக்குக் குறி வைத்ததும் “ஷா” என்று சொல்லி எச்சரிப்பார்கள். அது அரபி வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய் ‘எஷெக்’ ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. அரசனுக்கு வந்த ஆபத்து என்பது முதல் பொருள். செக் விழுந்தால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்பதால், தடுத்து நிறுத்துவது என்ற பொருள் அடுத்து வந்தது. பிழையும் களவும் போகாமல் தடுக்க ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற பொருள் அதற்கும் பிறகு. இன்று முதலில் நினைவுக்கு வரும் ‘சரிபார்த்தல்’ இப்படிக் கடைசியில் வந்து சேர்ந்ததுதான்.

கணக்கோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசிறை கணக்குப் பார்த்த மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். அதன்மேல் கோடிட்ட கறுப்புத் துணி விரித்து, கட்டங்களில் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்தத் திணைக்களத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. கட்டம் போட்ட சட்டையைச் ‘செக் சட்டை’ என்பதும் இதே வழியில் வந்ததுதான். வங்கிக் காசோலையைச் சொல்லும் ‘செக்’ முதலில் மோசடியைத் தடுக்கக் கிழிக்காமல் வைத்திருந்த அடிக்கட்டையைக் குறித்தது. பிரித்தானியர் அதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவதற்கு எக்ஸ்செக்கரின் சாயல் காரணம்.

செக்ரோல் என்ற கூட்டுச்சொல்லும் தோட்டத்தில் பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில அரச மாளிகையின் பணியாளர் பெயர்ப் பட்டியலுக்கு அந்தப் பெயர் இருந்தது. ‘ரோல்’ என்றால் சுருட்டி வைத்த தோல் ஏடு. அந்த ஏட்டுக்குப் போட்டியாக வேறொருவர் கையில் வைத்திருக்கும் இரண்டாவது ஏட்டை, ‘எதிர் ரோல்’ என்ற பொருளில், பிரெஞ்சில் ‘கொந்த்ர ரோல்’ என்றார்கள். இன்றைய ‘கொன்ட்ரோல்’ அதிலிருந்து வந்தது. ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கணக்கு இரண்டு பேர் கையில் தனித்தனியாக இல்லாவிட்டால் அங்கே கொன்ட்ரோல் கிடையாது.

தோட்டத்தில் அந்த எதிர் ரோல், மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கும் பொக்கட் செக்ரோல். காலையில் ஆட்கள் வந்து கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, எந்த மலைக்கு யார் என்று பிரித்ததும் அதில் பதிவு விழும். கொழுந்து நிறுக்கும்போது காலை, மத்தியானம், அந்தி என்று மூன்று நிறுவையும் அதில் ஏறும். பெண்களின் கையில் உள்ள அட்டையிலும் அதே கிலோ எழுதப்படும். சாயந்தரம் அது ஆபீசுக்கு வந்து பெரிய செக்ரோலில் ஏறுகிறது: இடப்பக்கம் பதிவு இலக்கமும் பெயரும், மேலே 1 முதல் 31 வரை திகதி, ஒவ்வொரு கட்டத்திலும் முழுப்பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள்) அல்லது வரவில்லை என்ற குறி, அதன் கீழே கிலோ. ஒரு நாள் வேலையை மலையகத்தில் ‘ஒரு பேர்’ என்பது தற்செயல் அல்ல. செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை.

மாத முடிவில் குறுக்கும் நெடுக்கும் கூட்ட வேண்டும். திகதி வாரியாகக் கீழே கூட்டிய பேர்களின் மொத்தமும், ஆள் வாரியாகப் பக்கவாட்டில் கூட்டிய மொத்தமும் ஒன்றாக வரவேண்டும். அரை வித்தியாசம் வந்தால் எங்கோ ஓர் அரைப்பேர் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. முழுப்பேர்களை விட்டுவிட்டு ½ குறிகளை மட்டும் தொடர்ந்தால் போதும். கிலோவில் வித்தியாசம் வந்தால் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி இல்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். பொக்கட் செக்ரோல் மொத்தத்தைவிடப் பெரிய செக்ரோலில் 63 கிலோ கூட என்றால், 63ஐ ஒன்பதால் வகுக்க ஏழு. தமக்குள் ஏழு வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கங்களைத் தேடினால், 18 கிலோவை 81 என்று எழுதியிருப்பது கண்ணில் படும்.

ஆனால் இந்தக் கூட்டலை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. 114ஆம் இலக்கக்காரியின் பேரைத் தவறி 115இல் போட்டுவிட்டால், குறுக்கும் நெடுக்கும் எத்தனை தரம் கூட்டினாலும் அச்சொட்டாக வரும். தோட்டத்தின் ஒரே டிவிசனில் (பிரிவில்) இரண்டு முத்துலெட்சுமி இருக்கிற இடத்தில் இது அடிக்கடி நடக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதாமல் இலக்கத்தைக் கூப்பிட்டு எழுதினால் பாதிக்குமேல் குறையும். மிச்சத்தைப் பிடிப்பது பொக்கட் செக்ரோலோடு வைத்துப் பார்ப்பதும், சம்பளத் துண்டை வாங்கிக்கொண்டு “கிளாக்கரய்யா, பன்னண்டாந் தேதி எனக்கு அரைப்பேருதான் விழுந்திருக்கு, நான் அந்திக் கொழுந்தும் நிறுத்தேனே” என்று ஜன்னலில் வந்து நிற்கிற அக்காவும்தான். அட்டை கையில் இருக்கிறவரை அவர் கேட்பது முறைப்பாடு அல்ல, மூன்றாவது செக். அதை எரிச்சலோடு கேட்கிற ஆபீஸ் நல்ல ஆபீஸ் இல்லை.

அந்த அரைப்பேரின் பெறுமதியைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் அரை என்றால் 675 ரூபா. அதோடு தோட்டம் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 81 ரூபா. நம்பிக்கை நிதி 3 வீதம், இன்னொரு 20 ரூபா 25 சதம். வரவுக் கொடுப்பனவும் சேர்ந்தால் இது இன்னும் மோசம். தொழிற்சங்கங்களோடு செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்று சொல்லப்பட்ட தொகையில் 60 ரூபா வரவுக்கானது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருந்தால்தான் அது கிடைத்தது. எல்லைக்கோட்டில் நின்ற ஒருவருக்கு ஒரு பேர் தவறினால் மாதம் முழுவதற்குமான கொடுப்பனவு போய்விட்டது.

கிலோவில் சண்டை வருவது பெரும்பாலும் கழிவால். சாக்குக்கு இவ்வளவு, ஈரக் கொழுந்து என்றால் தண்ணிக்கு இவ்வளவு என்று தராசடியில் மனதுக்குள்ளேயே கழித்து, மிச்சத்தை மட்டும் எழுதுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி எழுதிய இலக்கத்தை யாராலும் செக் பண்ண முடியாது. நிறுத்த எடை, கழித்தது, மிச்சம் என மூன்றையும் எழுதினால் அட்டையில் இன்னொரு கோடு வேண்டும், வரிசை கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஸ்டோரிலிருந்தும், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையிலிருந்தும், ஒரு ஒப்பீடு கிடைக்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வருவது வழமை. மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீரால் அது குறையும். வெயில் நாளிலும் குறைந்துகொண்டே போனால் மலைத் தராசு, ஸ்டோர்த் தராசு இரண்டையும் படிக்கல் வைத்துப் பார்க்க வேண்டும், ஆட்களைச் சந்தேகிப்பதற்கு முன்னால்.

ஆட்களைத் திரட்டி வேலைக்கு இறக்கிய பெரிய கங்காணி காலத்தில் செக்ரோலில் கூடுதல் பேர் ஏறுவதுதான் பயம். தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக் காசு கிடைத்தது. அதனால்தான் பெரட்டில் தோட்டத்தை நடத்தும் துரையே வந்து எண்ணினார். இன்று பேர் விடுபடுவதும் பேர் மாறுவதும்தான் பயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான நாட்கூலித் தொழிலாளிக்கு வேலையை விட்டுப் போகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவைக்காலத்தைக் காட்டப் பழைய செக்ரோலைத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. நனைந்து கறையான் பிடித்த தாளில் 1990களின் பக்கங்களைத் தேடுவது சுலபமில்லை. புத்தகங்களைத் தரையில் அடுக்காமல், சுவரிலிருந்து அரையடி தள்ளிய இரும்புத் தட்டில் வைப்பது பெரிய செலவு அல்ல.

அதைவிட அதிகம் பணிக்கொடை, சேமலாப நிதிக் கேஸ்கள் தேங்குவது பெயரின் எழுத்துக்கூட்டலில். செக்ரோலில் லெச்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, சேமலாப நிதி அட்டையில் லெட்சுமி என்று மூன்று ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தொழில் அலுவலகத்துக்கு இரண்டு மூன்று நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாட் பேர் நஷ்டம். பேர் பதிகிற அன்றைக்கே அடையாள அட்டையைக் கையில் வாங்கி, அதில் உள்ள எழுத்தை அப்படியே பார்த்து எழுதி, இலக்கத்தையும் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். அட்டை இன்னும் எடுக்காதவர் என்றால் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பென்சிலால் எழுதி, அட்டை வந்த பிறகு பேனையால் உறுதி செய்யலாம்.