ஏ பக்கம் இடது

அக்டோபர் 6

முன்கதவை ஒட்டிய ஜம்ப்சீட், அதாவது கேபின் பணியாளர் உட்காரும் மடக்கு இருக்கை, வால் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அதில் உட்காருகிறவரின் இடக்கைப் பக்கம்தான் விமானத்தின் வலது. தரையில் நிற்கும்போது குழந்தைக்கும் புரியும். எஞ்சினுக்குள் பறவை புகுந்து, வேட்டு போட்டதுபோல் நாலைந்து தரம் அதிர்ந்து, ஜன்னலில் தீ பளிச்சிடும்போதுதான் தடுமாறும். அந்த நேரத்தில் கையை நம்பாதே, இருக்கை எழுத்தை நம்பு. ஒற்றை நடைபாதை விமானத்தில் ஏ பக்கம் இடது, முதல் எஞ்சின். எஃப் பக்கம் வலது, இரண்டாவது. "இடது எஞ்சின், ஏ பக்கம், பின்னால் தீ வருகிறது." காக்பிட்டுக்கு இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

அக்டோபர் 7

ஏ இடது. எஃப் வலது.

அக்டோபர் 8

பறவை மோதல் பெரும்பாலும் தரைக்கு அருகில்தான், புறப்படும்போது அல்லது இறங்கும்போது. பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டைத் தேவையில்லாமல் அழைக்கக்கூடாது என்ற விதியும் அதே நேரத்தில்தான் அமலில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். விதி தேநீர் வேண்டுமா என்று கேட்பதைத்தான் தடுக்கிறது. தீ, புகை, விசித்திரமான அதிர்வு என்றால் அழைக்கத்தான் வேண்டும். உடனே பதில் வராது. முதலில் விமானத்தைப் பறக்கவைப்பார்கள், பேச்செல்லாம் அப்புறம். அந்த மௌனத்துக்குப் பயந்து பெல்ட்டைக் கழற்றி எழுந்துவிடக்கூடாது.

வாசனை பற்றி: கருகிய இறகு, சுட்ட இறைச்சி. கேபினுக்கு வரும் காற்று பெரும்பாலான விமானங்களில் எஞ்சினின் கம்ப்ரெசரிலிருந்து, அதாவது காற்றை அழுத்தும் பகுதியிலிருந்து, எடுக்கப்படுவது. பறவை உள்ளே போனால் நாற்றமும் லேசான மூட்டமும் காற்றுத் துளைகள் வழியே வந்துவிடும். அதை மட்டும் வைத்துக் கேபினில் தீ என்று சொல்லிவிட முடியாது. எல்லாத் துளைகளிலிருந்தும் சீராக வருகிறதா, ஒரே ஒரு பெட்டியிலிருந்து வருகிறதா? இரண்டாவது என்றால் தீயணைப்பான், புகைக் கவசம்.

அந்த வேட்டுச் சத்தமும் அப்படித்தான். கம்ப்ரெசரில் காற்றோட்டம் குலைந்து, முன்னாலும் பின்னாலும் நெருப்பு கக்கும். பார்க்கப் பயங்கரம், விசையைக் குறைத்தால் சில சமயம் அதுவே அடங்கிவிடும்.

அக்டோபர் 10

நிட்ஸ் (NITS), அவசரத்தில் கேப்டன் நமக்குச் சொல்லும் நான்கு விஷயம்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம், சிறப்புக் குறிப்பு. கேப்டன் சொன்னதை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இன்டர்ஃபோனை வைக்க வேண்டும். "சரி, புரிந்தது" என்பது பதிலே இல்லை. பன்னிரண்டு நிமிடம் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள். அதற்குள் டிராலி உள்ளே போய்ப் பூட்டப்பட வேண்டும், பிரேஸ் நிலை (மோதலுக்குத் தயாராகக் குனியும் நிலை) காட்டப்பட வேண்டும், கதவருகே உதவத் திடமான ஆட்கள் உட்கார வேண்டும். நேரம் போதாவிட்டால் பிரேஸ் மட்டும்.

நேரமே கிடைக்காமலும் போகும். 2009 ஜனவரி 15, நியூயார்க்கின் ஹட்சன் ஆறு: வாத்துக்கூட்டம் மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை சுமார் மூன்றரை நிமிடம். கேபினுக்கு வந்தது மோதலுக்குத் தயாராகுங்கள் என்ற ஒரே அறிவிப்பு. நிட்ஸ் இல்லை, ஆற்றில் இறங்குகிறோம் என்றுகூட இல்லை. மீதியை மூன்று பணியாளர்களின் தொண்டைதான் செய்தது: தலையைக் குனியுங்கள், குனிந்தே இருங்கள், திரும்பத் திரும்ப. 155 பேரும் பிழைத்தார்கள்.

அக்டோபர் 11

பைகளை விட்டுவிட்டு வெளியேறச் சொல். பைகள். பைகள்.

அக்டோபர் 13

கதவு. திறக்கும் முன் ஜன்னல் வழியே பார். தீயா, தண்ணீரா, சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினா? ஹட்சனில் பின்கதவு கொஞ்சம்தான் திறந்தது. தண்ணீர் புகுந்தது, திரும்ப மூட முடியவில்லை, எல்லோரையும் முன்னால் அனுப்ப வேண்டியதாயிற்று. முன் இடக்கதவில் ஸ்லைடு (வெளியேறும் சறுக்கு) தானாக விரியவில்லை. கையால் இழுக்க வேண்டியிருந்தது. ஆகவே கதவைத் தள்ளியதும் சிவப்புப் பிடியை எப்போதும் இழு, விரிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும். இன்னொரு கை கதவோரப் பிடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் உன்னையே முதலில் தள்ளிவிடுவார்கள். ஸ்லைடு முழுக்க விரியும்வரை வாசலை மறித்து நில்.

மிதவை அங்கியை வாசலைத் தாண்டும்போதுதான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால், தண்ணீர் ஏறும்போது ஆளைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும்.

அக்டோபர் 14

மறுபடியும் இடது, வலது. இங்கிலாந்தின் கெக்வொர்த் விமான விபத்து, 1989 ஜனவரி 8. பறவை இல்லை, விசிறித் தகடு முறிந்தது. பழுதானது இடது எஞ்சின், அணைக்கப்பட்டது வலது. கேப்டன் வலது என்று ஒலிபெருக்கியில் சொன்னார். இடப்பக்கத் தீயைக் கேபினில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அது காக்பிட்டுக்குப் போகவே இல்லை. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். "அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்ற மரியாதைதான் இதில் மோசமானது. தெரியாமல் இருக்கலாம். காக்பிட்டிலிருந்து எஞ்சினைப் பார்க்க முடியாது.

அக்டோபர் 16

பின் ஜம்ப்சீட்டிலிருந்தும் எஞ்சின் தெரியாதே. அப்படியானால் பயணி சொல்வதுதான் தகவல். அவர் நம்மைத் திரும்பிப் பார்த்து "லெஃப்ட்ல தீ" என்று கத்தினால், அது எந்த லெஃப்ட்? பக்கத்தைக் கேட்கவே கூடாது. "உங்க சீட் நம்பர் என்ன?" என்று கேட்க வேண்டும்.

காலை 4.40க்கு ரிப்போர்ட்டிங்.