வெளியே இருப்பதெல்லாம் சுரந்தது இல்லை

காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த சூரை, வழியில் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை கனத்து, உடம்பெல்லாம் தடிப்பு. பக்கத்து வீட்டில் எறா தொக்கு சாப்பிட்டவருக்கும் அதே சிவப்பு, அதே தடிப்பு. இரண்டு பேருக்கும் காரணம் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள்தான். ஆனால் எறா சாப்பிட்டவருக்கு அதைச் சுரந்தது அவருடைய மாஸ்ட் செல்கள் (அலர்ஜியைக் கிளப்பும் நோய் எதிர்ப்புச் செல்கள்). சூரை சாப்பிட்டவருக்கோ அது மீனிலேயே இருந்தது. மீன் தசையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

பிரித்துப் பார்க்க உதவுவது டிரிப்டேஸ். மாஸ்ட் செல்லின் துகள்களுக்குள் (உள்ளே இருக்கும் சிறு பைகள்) ஹிஸ்டமினோடு சேர்ந்து இருக்கும் நொதி இது, மீனில் வராது. அறிகுறி தொடங்கி 2 மணி நேரத்துக்குள், தள்ளிப்போனால் 4 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். 24 மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் அளவை, அதாவது அவருடைய வழக்கமான அளவை, 1.2-ஆல் பெருக்கி மி.லி.க்கு 2 நானோகிராம் கூட்டுங்கள். முதல் அளவு அதை எட்டினால் மாஸ்ட் செல் சுரந்திருக்கிறது. உணவு அலர்ஜியில் டிரிப்டேஸ் ஏறாமலும் போவதுண்டு, அதனால் ஏறவில்லை என்பதை வைத்து அலர்ஜி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. மூச்சு வாங்கினால் முதலில் அட்ரினலின், ரத்தமெல்லாம் பிறகு.

சோதனைக்கூடத்திலும் இதே கேள்விதான். ஒரு பொருள் செல்லுக்கு வெளியே கிடைத்தால், செல் அதைச் சுரந்ததா, கசிந்ததா, இல்லை வேறு எங்கிருந்தாவது வந்ததா?

சுரக்கும் இயந்திரம் நரம்பிலும் நோய் எதிர்ப்புச் செல்லிலும் ஒரே குடும்பம். சுரக்க வேண்டியதைச் சுமக்கும் நுண்பைகளைக் கப்பல்களாக நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒன்று, பெர்த்தில் கட்டி கிரேன் தயாராக நிற்கும் கப்பல் இன்னொன்று. நரம்பு நுனியில் சில நுண்பைகள் இந்த இரண்டாவது நிலையில், பையின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இணைக்கும் ஸ்நேர் புரதங்கள் பாதி முறுக்கியபடி காத்திருக்கும். கால்சியம் நுழைந்ததும் சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதை உணர்ந்து, ஒரு மில்லிசெகண்டுக்குள் சவ்வு இணைந்துவிடும். மாஸ்ட் செல்லில் இருப்பவை அதே ஸ்நேர் குடும்பத்தின் வேறு உறுப்பினர்கள்: சிண்டாக்சின்-1க்குப் பதில் சிண்டாக்சின்-4, ஸ்னாப்-25க்குப் பதில் ஸ்னாப்-23, வாம்ப்-2க்குப் பதில் வாம்ப்-8. வேகம் நொடிகளிலும் நிமிடங்களிலும். துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே வாசல் வழியாகக் கொட்டுவதும் உண்டு.

இதை அளக்க அதிகம் பேர் செய்வது எலியின் ஆர்பிஎல்-2ஹெச்3 செல்லில் (மாஸ்ட் செல் போல் நடக்கும் வளர்ப்புச் செல்) பீட்டா-ஹெக்சோசமினிடேஸ் சோதனை. ஹிஸ்டமினோடு சேர்ந்து துகளில் இருக்கும் இன்னொரு நொதி இது. 24 குழி பிளேட்டில் குழிக்கு 2 லட்சம் செல், மி.லி.க்கு 100 நானோகிராம் டிஎன்பி எதிர்ப்பு ஐஜிஇ (டிஎன்பி என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் அலர்ஜி ஆன்டிபாடி), ஓரிரவு. மறுநாள் இரண்டு முறை கழுவி, 500 மைக்ரோலிட்டர் டைரோடு பஃபரில் டிஎன்பி-பிஎஸ்ஏ (டிஎன்பி ஒட்டிய புரதம், இதுதான் ஆன்டிஜென்) சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். உடனே ஐஸ் மேல் 10 நிமிடம். மேல்நீரை எடுத்து, மிச்ச செல்லை அதே 500 மைக்ரோலிட்டர் 0.1% ட்ரைட்டான் சோப்புக் கரைசலில் உடைக்க வேண்டும். இரண்டிலிருந்தும் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, பிஹெச் 4.5 சிட்ரேட்டில் கரைத்த 1 மில்லிமோலார் பிஎன்ஏஜி (இந்த நொதி வெட்டும் பொருள்) 50 மைக்ரோலிட்டர் சேர்த்து ஒரு மணி நேரம் 37 டிகிரி. பிறகு பிஹெச் 10 கார்பனேட் 200 மைக்ரோலிட்டர் ஊற்றினால் மஞ்சள் பளிச்சென்று எழும். 405 நானோமீட்டரில் படிக்கலாம்.

கணக்கு எளிது: மேல்நீர் வகுத்தல் மேல்நீரும் செல்லும் சேர்ந்த மொத்தம். மேல்நீர் 0.42, செல் 0.78 என்றால் 35%. தூண்டாத குழியில் 0.05, 1.15 என்றால் 4%. இப்போது பிளாங்க்கின், அதாவது மாதிரி சேர்க்காத வெற்றுக் குழியின், 0.08-ஐக் கழிக்க மறந்தால் என்ன ஆகும் பாருங்கள். 35% என்பது 37% ஆகும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 4% ஏறக்குறைய 10% ஆகிவிடும். தூண்டாத குழிதான் முதலில் பொய் சொல்லும். ஒரு பிளேட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். அது 10-ஐத் தாண்டினால் மற்ற குழிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அது ஏறுவதற்குக் காரணங்கள் பல. கன்றுக்குட்டி சீரத்திலேயே இந்த நொதி இருக்கிறது, சரியாகக் கழுவாவிட்டால் அதுவும் சேர்ந்து மஞ்சளாகும். பைப்பெட் முனையைச் செல் மேல் நேராகப் பீய்ச்சினால் செல் கிழியும். குழியின் சுவரோரமாக விடுங்கள். சந்தேகம் இருந்தால் அதே மேல்நீரில் எல்டிஹெச் பாருங்கள். அது துகளில் இல்லாத, சைட்டோபிளாச நொதி. அதுவும் ஏறினால் கசிவுதான்.

தூண்டியும் சுரக்கவில்லை என்றால் முதலில் கால்சியம் போட்டீர்களா என்று பாருங்கள். பஃபரில் 1.8 மில்லிமோலார் வேண்டும். பாஸ்பேட் பஃபரில் போட்டால் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படியும், அதனால் ஹெப்பஸ் அல்லது பைப்ஸ் பஃபர். அடுத்தது ஆன்டிஜென் அளவு. கூடக்கூட நல்லது என்று 10 மைக்ரோகிராம் போட்டால் சுரப்பு குறையும், ஏனென்றால் ஒவ்வொரு ஐஜிஇயும் தனித்தனி ஆன்டிஜெனைப் பிடித்துக்கொண்டு, இரண்டைச் சேர்த்துக் கட்ட ஆள் இருக்காது. மி.லி.க்கு 1 நானோகிராமிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஏற்றி, எங்கே உச்சம் என்று முதலில் பாருங்கள். கூடவே ஒரு குழியில் 1 மைக்ரோமோலார் அயனோமைசின், ஐஜிஇ இல்லாமலே கால்சியத்தை உள்ளே விடும் பொருள். அதில் மட்டும் சுரந்தால் இயந்திரம் நலம், கோளாறு ஐஜிஇ பக்கம்.

கடற்காற்று அடிக்கும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை: மைனஸ் 20-லிருந்து எடுத்த பிஎன்ஏஜி புட்டியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். அயனோமைசின் கரைத்த டிஎம்எஸ்ஓவும் ஈரத்தை உறிஞ்சும், சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்.

எறா அலர்ஜியை இந்தச் செல்லிலேயே பார்க்கலாமே என்று தோன்றும். எறாவின் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் சமைத்தாலும் கெடாது, சோதனைக்கு வசதியான ஆன்டிஜென். ஆனால் நோயாளியின் சீரத்தை ஆர்பிஎல்-2ஹெச்3 மேல் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. மனித ஐஜிஇ எலியின் ஏற்பியில் ஒட்டாது. மனித ஏற்பியைச் சேர்த்த ஆர்பிஎல் வகைகள் இருக்கின்றன, அவைதான் வேண்டும்.

பிளேட் சோதனை கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஒவ்வொரு துகளாகப் பார்க்க நரம்பியலாளர்களின் கருவி வேண்டும். 1952-ல் ஃபாட்டும் காட்ஸும் தவளைத் தசையில், யாரும் தூண்டாமலே எழும் அரை மில்லிவோல்ட் துடிப்புகளைப் பதிந்தார்கள். தனித்தனியாகத் தெரிந்ததால் அங்கே பின்னணியே கண்டுபிடிப்பாயிற்று. 1984-ல் ஃபெர்னாண்டஸ், நேயர், காம்பெர்ட்ஸ் மூவரும் எலியின் மாஸ்ட் செல்லில் சவ்வின் மின்தேக்குத்திறனை (சவ்வின் பரப்பு கூடினால் இதுவும் கூடும்) அளந்து, அது படிப்படியாக ஏறுவதைக் கண்டார்கள். ஒவ்வொரு படியும் ஒரு துகள். சவ்வுக்குச் சதுர மைக்ரோமீட்டருக்கு சுமார் 10 ஃபெம்டோஃபாரட். 0.8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் 20 ஃபெம்டோஃபாரட் படி தரும். 40 நானோமீட்டர் நரம்பு நுண்பை தருவது அதில் 400-ல் ஒரு பங்கு. கசிவால் இப்படிப் படி எழாது. புதுச் சவ்வு வந்து சேர்ந்தால்தான் எழும்.

மருத்துவத்தில் இதே தர்க்கம் சிடி107ஏ சோதனையில் இருக்கிறது. துகளின் உட்சவ்வில் இருக்கும் இந்தப் புரதம், துகள் இணைந்தால்தான் என்கே செல்லின் (கெட்ட செல்லைக் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்) வெளியே தெரியும். பரம்பரை ஹெச்எல்ஹெச் (நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டுமீறும் நோய்) 2-ஆம் வகையில், கொல்வதற்காகத் துகளில் இருக்க வேண்டிய பெர்ஃபோரின் புரதம் இல்லை, ஆனால் சிடி107ஏ வழக்கம்போல் மேலே வரும். 3, 4, 5 வகைகளில் (முறையே மங்க்13-4, சிண்டாக்சின்-11, மங்க்18-2 என்ற சுரப்பு இயந்திரப் புரதங்களில் கோளாறு) பெர்ஃபோரின் நிறைய இருந்தும் சிடி107ஏ மேலே வருவது குறையும்.

இந்த ரத்தத்தை ஹெப்பாரின் குழாயில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டி கூடாது, மே வெயிலில் பைக் டிக்கியும் கூடாது. அறை வெப்பத்திலேயே போகட்டும். ஆரோக்கியமான ஒருவரின் குழாயும் அதே நேரத்தில் எடுத்து, அதே பெட்டியில் கூடப் போக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலில் பெட்டி மாட்டிக்கொண்டு செல் செத்தால், அந்த இரண்டாவது குழாய் சொல்லிவிடும்.