லாக்டேட் 2.8

உடம்பெல்லாம் வலிக்கும் என் நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் தெரியவே எனக்கு நாலு வருஷம் ஆனது. அதற்குள் கால்சியம் குறைவு, மனக்கவலை, வயசு என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள். போன ஆடியில், ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன், "அத்தை, சதையில லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கும், டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றான். டாக்டரிடம் கேட்டேன். "அவசியமில்லைம்மா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

லேபில் இருந்த பெண் புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடி மூடித் திறங்க" என்றது. நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே போனது. எடுத்த ரத்தக் குப்பி ஜன்னலோரம் வெயிலில் நின்றதையும் பார்த்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. லாக்டிக் ஆசிட்டை அதில் லாக்டேட் என்று போட்டிருந்தார்கள்: லிட்டருக்கு 2.8 மில்லிமோல். 2-க்குள் இருக்க வேண்டுமாம். ராத்திரி பூரா தூக்கமில்லை.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பட்டை கட்டிட்டுக் கையை மூடச் சொன்னாங்களா?" சதை வேலை செய்தால் லாக்டேட் ஏறத்தான் செய்யும். குப்பிக்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை விட்டுக்கொண்டேயிருக்கும். அதனால்தான் சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குப்பியில் எடுத்து ஐஸில் வைப்பது. வேறு லேபில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, பட்டை இல்லாமல் கொடுத்தேன். 1.2.

"லாக்டேட் குப்பை இல்லைம்மா. இதயம் அதையும் எரிச்சுத்தான் ஓடுது, கல்லீரல் திரும்பச் சர்க்கரையாக்கிடும். ஓட்டப்பந்தயம் ஓடினவங்களுக்கே ஒரு மணி நேரத்துல இறங்கிடும்" என்றார். நிம்மதியை விட ஏமாற்றம்தான் அதிகம். நோய்க்கு ஒரு நம்பர் கிடைத்திருந்தால் வீட்டில் காட்டியிருக்கலாம்.

பிறகு கேட்டார்: "தடுமாறி விழறீங்களா?"

நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, சீயக்காய் கண்ணில் படாமல் இறுக்கி மூடினால் பாத்ரூம் ஒரு பக்கமாகச் சரியும். சுவரைப் பிடித்துக்கொள்வேன். வலியில் வரும் அசதி என்று விட்டுவிட்டேன்.

பிசியோதெரபியில் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார்கள். ராம்பெர்க் டெஸ்ட் என்று பெயர். பத்து எண்ணுவதற்குள் பின்னால் நின்றவர் தோளைப் பிடித்தார். ஒற்றைக் காலில் நாலு விநாடி. நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டும் அனுப்பும் சேதி, மூன்றும் வேண்டும். எனக்குக் கண்தான் மற்ற இரண்டுக்கும் சேர்த்து உழைத்திருக்கிறது. பி12 வைட்டமின் குறைவா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், சரியாக இருந்தது. வலிக்காக ராத்திரி போடும் பிரிகாபலின் மாத்திரைக்கும் தலைசுற்றலில் பங்குண்டு என்று டாக்டர் அளவைக் குறைத்தார்.

இப்போது சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு, குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை கால் மாற்றி மாற்றி நிற்கிறேன். இடது காலில் பதினொரு விநாடி. வலது இன்னும் ஏழைத் தாண்டவில்லை. வலி அப்படியேதான் இருக்கிறது. பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்திருக்கிறது, சீயக்காய் உட்கார்ந்துதான்.