கிளை நூலக மேசையில் வாக்காளர் பட்டியல்

வாக்குப்பதிவு நாளன்று "பேர் இல்லீங்க" என்று பூத் வாசலிலிருந்து திரும்புகிறவர்களில் பலருக்கு அந்தச் சிக்கல் மாதக்கணக்கில் முன்பே வந்திருக்கும். யாராவது கூட உட்கார்ந்து பட்டியலைப் பார்த்திருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும். டெல்டா ஊர்களில் அதற்குத் தோதான இடம் கிளை நூலகம்தான். மேசை இருக்கிறது, பல இடங்களில் இணையத்தோடு கணினியும் இருக்கிறது, படித்துச் சொல்ல வாசகர் வட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பது திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு சனி ராத்திரி பஸ் ஏறி வருகிறவர்களுக்கு வசதி. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். தயங்காமல் போய்க் கேட்கலாம்.

ஆனால் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் நூலகத்தின் வேலை இல்லை. படிவத்தை வாங்கி விசாரிப்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர், முடிவெடுப்பவர் வாக்காளர் பதிவு அலுவலர். நூலக மேசையில் நடப்பது தேடல், சரிபார்ப்பு, படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்புவது. பாதி வேலை அதுதான்.

தேடும்போது அடையாள அட்டை எண்ணில் தொடங்குங்கள். மொத்தம் பத்து இடம்: முதல் மூன்றும் ஆங்கில எழுத்து, மீதி ஏழும் இலக்கம். தேய்ந்த அட்டையில் வட்டமாகத் தெரிவது 'ஓ'வா பூஜ்யமா என்று குழம்பினால், முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால் 'ஓ', அதற்குப் பிறகு இருந்தால் பூஜ்யம். 'டிஎன்' என்று ஆரம்பித்துச் சாய்கோடு போட்ட பழைய அட்டை எண் பல நேரம் தேர்தல் ஆணையத் தளத்தில் சிக்காது. அப்போது பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

சோதனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கலியபெருமாள் பட்டியலில் கலியப்பெருமாளாக இருப்பார், ராஜேஸ்வரி இராஜேஸ்வரியாக இருப்பார். தகப்பனார் பெயரைப் போட்டுத் தேடினால், பட்டியலில் கணவர் பெயர் இருக்கும். இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்காமல் "இல்லை" என்று யாரையும் அனுப்பிவிடாதீர்கள். அப்படியும் வராவிட்டால் அந்தப் பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பகுதி) பட்டியலையே இறக்கி, தெருவைப் பிடித்து, கதவு எண் வரிசையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மாமனார், மாமியார், கணவர் என்று அடுத்தடுத்த கட்டங்களில் இருக்க, நாலாவது கட்டத்தில் எழுத்து மாறி, வயதும் தப்பாகி நம் ஆள் இருப்பார்.

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிர திருத்தத்தில் 2002, 2005 பட்டியல்களைத் தேட வேண்டி வந்தது. இங்கே பலர் தடுமாறியதற்குக் காரணம் தொகுதிப் பெயர். குத்தாலம், வலங்கைமான், திருவோணம் என்று அப்போது இருந்த தொகுதிகள் 2008 மறுவரையறையில் போய்விட்டன. மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது; பழைய பட்டியலில் அந்த ஊர்கள் நாகப்பட்டினத்தில் இருக்கும். இன்றைய தொகுதியை வைத்துப் பழைய பட்டியலைத் தேடினால் கிடைக்காது.

அடுத்து, எந்தப் படிவம் என்பது. புதிதாகச் சேர 6. வீடு மாற, பிழை திருத்த, தொலைந்த அட்டைக்கு மாற்று வாங்க 8. இறந்தவர் பெயரை நீக்க 7. கல்யாணமாகி வந்த பெண் புகுந்த வீட்டில் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிறந்த வீட்டில் ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு பதிவாகிவிடும், சட்டப்படி அது கூடாது. பதிவுகளை ஒப்பிடும்போது எந்தப் பக்கத்துப் பெயர் அடிபடும் என்று சொல்ல முடியாது. படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்துப் பெயர் தானாக மாறி வரும், அட்டை எண்ணும் அப்படியே இருக்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 6ஏ. அவர்களுக்கு அடையாள அட்டை தரமாட்டார்கள். ஊருக்கு வந்து அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட வேண்டும்.

படிவம் 6-க்கு வெள்ளைப் பின்னணியில் வண்ணப்படம் (4.5 செ.மீ. × 3.5 செ.மீ.), வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். 17 வயது முடிந்ததுமே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதற்கு எடுத்துக்கொள்வார்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நாள் போதாது. வேட்புமனு தாக்கல் முடிய ஏறக்குறைய பத்து நாள் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டியிருக்கிறது.

மேசையில் உதவுகிறவர்கள் ஓடிபியை வாங்கித் தாங்களே போடக் கூடாது. வந்தவரையே போடச் சொல்லுங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய ஆதார் படத்தை 'டவுன்லோட்ஸ்' பகுதியிலும் குப்பைத்தொட்டியிலும் அழித்துவிடுங்கள். அது பொதுக் கணினி. கட்சி சின்னம் போட்ட சீட்டு ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது.

வேட்பாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகத்தில் தனி வசதி உண்டு. குற்ற வழக்கு உள்ளவர்கள் அதை மூன்று முறை செய்தித்தாளில் வெளியிட்டாக வேண்டும். வீட்டில் ஒரு பேப்பர் வாங்கினால் அது கண்ணில் படாமல் போகலாம். இங்கே பல தாள்கள் கிடைக்கும். சொத்து, கடன், படிப்பு எல்லாம் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது, கணினியில் திறந்து படிக்கலாம்.

85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி கொடுக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் சேர வேண்டும். தபால் ஓட்டு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டால் பூத்தில் போட முடியாது. தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று போதும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் தனியாகச் செல்லாது.

பூத்துக்குள் செல்போன் விடமாட்டார்கள். அதனால் கடைசியாக ஒரு துண்டுக் காகிதத்தில் தொகுதி, பாகம் எண், வரிசை எண், பள்ளிக்கூடத்தின் பெயர், எந்த அறை என்று பெரிய எழுத்தில் எழுதி, வந்தவர் கையில் கொடுத்து, ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அனுப்புங்கள்.