காரை எலும்புக்குப் பின்னால்

மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. சிங்கப்பூர் ஈசூனில் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சின்ன வயசு டாக்டர் படத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு மூத்த கதிரியக்க மருத்துவர் அதே படத்தை, அத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த 4 வருடத்துக்கு முந்தைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, காரை எலும்பின் மேல் விரல் வைத்தார். அந்த எலும்பின் நிழலுக்குள் ஒரு மங்கலான வெள்ளைப் புள்ளி.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து வாசித்தேன். குண்டல், நோடின் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் எக்ஸ்ரே படத்தை வெறும் 0.2 விநாடி காட்டினார்கள், கதிரியக்க மருத்துவர்கள் அதிலேயே நோயுள்ள படங்களில் சுமார் 70 விழுக்காட்டைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான நோயில்லாத படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எங்கே ஏதோ சரியில்லை என்பது முதலில் தட்டுப்படுகிறது, தேடல் பிறகுதான். புதியவரோ படம் முழுக்க அலைகிறார், நுரையீரல் உச்சி, இதயத்துக்குப் பின்புறம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்துக்குக் கீழே போன்ற மறைவிடங்கள் விட்டுப்போகின்றன.

அனுபவமும் முழுக் காவல் இல்லை. பார்வை கட்டியின் மேலேயே நின்றும் அதைச் சாதாரண நிழல் என்று தள்ளிவிடுவது மூத்தவர்களுக்கும் நடக்கிறது.

பழைய படம் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் போங்கள், இருமல் நிற்காவிட்டால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

வியாழக்கிழமை மாமாவுக்கு பயாப்சி, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். அத்தையோடு நானும் போகிறேன்.