பழைய கூலர் செய்த வேலை

மாற்றிப் போட்ட டீசல் எஞ்சின் 900 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடியிலிருந்து 'டொக் டொக்'. ஐடிலில் ஆயில் விளக்கு வேறு மினுக்கியது. எஞ்சின் விற்றவரைத் திட்டிக்கொண்டேதான் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வைத்தேன்.

ஆயில் அளவு சரியாகவே இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருந்த செம்பு தெரிந்தது. ஆயில் வராமல் காய்ந்திருந்தால் சூட்டில் கறுத்து நீலம் பாய்ந்திருக்கும். இதில் அப்படி இல்லை. சுற்றும் திசையில் மெல்லிய கீறல்கள், மேல்பூச்சில் குத்தி நின்ற துகள்கள். ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்தோம். மடிப்பெல்லாம் மினுமினுப்பு.

"அண்ணே, பழைய ஆயில் கூலரைத்தானே மாட்டினோம்?" என்றார் மெக்கானிக் தம்பி.

அதுதான். முதல் எஞ்சினின் பேரிங் போனபோது உதிர்ந்த தூள், ஆயிலைக் குளிர்விக்கும் அந்தக் கூலருக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ஃபில்டர் பிடித்திருக்க வேண்டாமா? காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைக்கும்போதும் ஃபில்டரைத் தாண்டி ஆயிலுக்கு வழிவிடும் பைபாஸ் வால்வு திறந்துவிடும். வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். கூலரின் நுண்ணிய வழிகளை முழுசாகக் கழுவவும் முடியாது.

பழையதையே மாட்டச் சொன்னது நான்தான், காசை மிச்சம் பிடிக்க. கிராங்க் இப்போது கிரைண்டிங்கில் இருக்கிறது, 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு, அதாவது விட்டத்தை அவ்வளவு குறைக்க. புதுக் கூலர் வந்துவிட்டது. எஞ்சின் விற்றவருக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை.